சாயவேரும் கேர்தூ அடிகளாரின் மடலும்

புதுவை மிஷன் வீதியில், சம்பா கோவில் என்று ஊரார் வழங்கும் அமலோற்பவ அன்னைப் பேராலயம் 1791-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது என்பதை நம்மில் பலர் அறிவோம். ஆயினும் அந்த ஆண்டைக் கேட்டவுடன் எழவேண்டிய வினா நம் உள்ளத்தில் எழுவதில்லை. பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் இவ்வூருக்கு வந்து சேர்ந்தது 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில். அப்படியாயின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அவர்கள் கோவில் இன்றியா வாழ்ந்தார்கள்? இல்லை. கோவில்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. இப்போது நாம் முழந்தாள் படியிடும் ஆலயத்திற்கு முன்பு அங்கே ஓங்கி நின்ற ஆலயம் 1761-இல் தரைமட்டமாக்கப்பட்டது. கோவில் மட்டுமன்று, கோட்டையும் ஆளுநர் மாளிகையும் பண்டகசாலைகளும் அவ்வாறே இடிக்கப்பட்டன.

1761 சனவரி 16 அன்று, பல மாத முற்றுகைக்கும் பட்டினிக்கும் பின்னர், லாலியின் படை ஆங்கிலத் தளபதி ஐர் கூட்டிடம் பணிந்தது. அதற்கு நான்கு நாள் முன்புதான், 1736 முதல் இவ்வூரின் வாழ்வை நாள்தோறும் எழுதிவந்த துபாசி ஆனந்தரங்கப் பிள்ளை கண்மூடினார். 1758-இல் கடலூர்ப் பக்கத்துப் புனித தாவீது கோட்டையை லாலி தகர்த்ததற்குப் பழிவாங்கலாக, ஆங்கிலேயர் புதுச்சேரியை முறைப்படி இடித்தனர். 1763-ஆம் ஆண்டின் பாரிசு உடன்படிக்கையின்படி 1765-இல் பிரெஞ்சுக்காரர் திரும்பியபோது அவர்களை வரவேற்றவை இடிபாடுகளே.

ஓர் ஊர் இவ்வாறு அழியும்போது எது மிஞ்சுகிறது? கல்லும் சுண்ணாம்பும் போனால் மீண்டும் கட்டலாம். ஆனால் அவ்வூர் மக்களின் கைகளில் தங்கியிருந்த தொழிலறிவு கலைந்து போனால், அதை எங்கே தேடுவது? அழிவிற்குப் பின்னர் வரும் தலைமுறைக்கு ஒரு கைத்தொழிலை விட்டுச்செல்ல இயலுமா? இயலுமெனில் எவ்வாறு? இவ்வினாக்களுக்கு விடைகூறவல்ல ஒரு வரலாறு நம் ஊரிலேயே உண்டு. அது சாயத் துணியின் வரலாறு. அதில் மறைப்பணியாளர் ஒருவருக்கும், பெயர் தெரியாத தமிழ்க் கிறிஸ்தவர் சிலருக்கும் பெரும் பங்கு உண்டு.

அரிக்கமேட்டின் மௌனம்

புதுவைக்குத் தெற்கே, அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடு நம் வாசகர்களுக்குப் புதிதன்று. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கு அகழாய்வு நடத்தினார். அவருக்குப்பின் கசால் என்னும் பிரெஞ்சு அறிஞரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையிலான குழுவினரும் அவ்விடத்தை ஆராய்ந்தனர். உரோமையரின் மதுச்சாடிகளும் இத்தாலிய மண்கலங்களும் மணிகளும் வெளிப்பட்டன. அவற்றோடு செங்கல்லால் கட்டப்பட்ட தொட்டிகளும், நீர் வந்து செல்லும் வாய்க்கால்களும் கிடைத்தன. மெல்லிய துணியைப் பதப்படுத்தவோ சாயமேற்றவோ அவை பயன்பட்டிருக்கலாம் என்று வீலர் கருதினார்.

பயன்பட்டிருக்கலாம் என்பதற்கு மேல் எவராலும் உறுதி கூற இயலவில்லை. தொட்டி இருக்கிறது, செங்கல்லும் உறுதியாக இருக்கிறது. அதில் என்ன நீரை நிரப்பினார்கள், எந்த வேரை இட்டார்கள், எத்தனை நாள் ஊறவைத்தார்கள் என்பதை அத்தொட்டி சொல்வதில்லை. ஈராயிரம் ஆண்டுகள் நிலைத்து நின்ற பொருள் அது. ஆயினும் அதனிடமிருந்து இன்று ஒரு முழத் துணிக்குச் சாயமேற்றும் கலையையும் நாம் கற்க முடியாது. நிலைத்த பொருளை விட்டுச்சென்றால் போதும், பின்வருவோர் புரிந்துகொள்வர் என்னும் நம்பிக்கைக்கு அரிக்கமேடு ஓர் எச்சரிக்கை.

துணியும் சொல்லும் சேர்ந்த ஏடு

17, 18-ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையின் எழுது துணிகள் உலகெங்கும் விரும்பப்பட்டன. மூங்கில் எழுதுகோலால் கொடியும் மலரும் வரைந்து, சிவப்பும் நீலமும் கருமையும் ஏற்றிய பருத்தித் துணிகள் அவை. அவற்றின் அழகைவிட ஐரோப்பியரை வியக்கவைத்தது அவற்றின் சாய உறுதியே. அங்குச் சாயமிட்ட பருத்தித் துணிகள் சலவையில் வெளுத்தன. இங்கிருந்து போனவையோ துவைக்கத் துவைக்க ஒளி பெற்றன. இவ்வணிகத்தை நம்பியே 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் கும்பினிக்கு நிலைகொள்ள இடம் தேடினார். நெசவாளரும் சாயக்காரரும் இங்குக் குடியேற ஊக்கமளித்தார்.

இந்த உறுதியின் மறையை அறியப் பிரான்சு ஆவல் கொண்டதில் வியப்பில்லை. 1734-ஆம் ஆண்டையொட்டிப் பொலியூ என்னும் கப்பல் அதிகாரி புதுச்சேரிக்கு வந்தார். பிரான்சின் சாயத் தொழிலைக் கண்காணித்துவந்த வேதியியல் அறிஞர் துஃபே என்பவர் கேட்டுக்கொண்டபடி, சாயமேற்றும் பணி முழுவதையும் தம் கண்முன்னே செய்துகாட்டச் செய்தார். பின்பு அவர் செய்த செயல் நுட்பமானது. ஒவ்வொரு கட்டம் முடிந்தபோதும் அத்துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்து, அக்கட்டத்தின் விளக்கத்தோடு சேர்த்து வைத்தார். அவ்வாறு 11 துண்டுகள் அடங்கிய அந்தக் கையெழுத்து ஏடு பாரிசு நகரின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியக நூலகத்தில் இன்றும் உள்ளது. வெறும் வெள்ளைத் துணி, கடுக்காய் ஏறிய துணி, கருங்கோடு வரைந்த துணி என்று படிப்படியாக ஒரு கலை பிறந்து வளர்வதை அதில் கண்ணால் காணலாம்.

அரிக்கமேட்டில் பொருள் உண்டு, சொல் இல்லை. பொலியூவின் ஏட்டிலோ பொருளும் சொல்லும் இணைந்தன. புதுச்சேரியில் அன்று நெய்த துணியின் சிறு துண்டுகள், அவ்வூர் இடிக்கப்பட்ட பின்பும் கடல் கடந்த ஒரு நூலகத்தில் பிழைத்திருக்கின்றன.

மாணவரான மறைப்பணியாளர்

இவ்வரலாற்றில் நம் மனத்தை மிகவும் ஈர்ப்பவர் கஸ்தோன் லொரான் கேர்தூ அடிகளார். 1691-இல் பிரான்சின் பூர்ழ் நகரில் பிறந்த இவர் 1732-இல் இந்தியா வந்தார். கர்நாடக மறைப்பணித் தளத்தில் உழைத்து, 1779-இல் புதுச்சேரியிலேயே உயிர்நீத்தார். சமற்கிருதத்திற்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவை 1767-இலேயே பாரிசு அறிஞர்களுக்கு எழுதியனுப்பியவர் என்று மொழியியலார் இவரைப் போற்றுவர்.

1742 சனவரியில் இவர் தம் சபையைச் சேர்ந்த துஹால்து அடிகளாருக்கு எழுதிய மடல் ஒன்று, மறைப்பணியாளர் மடல்களின் பெருந்தொகுப்பில் அச்சேறியது. அது ஞானக் காரியம் பற்றியதன்று. எழுது துணியின் செய்முறை பற்றியது. இந்த அறிவு தமக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. அண்மையில் தம் கையால் திருமுழுக்குப் பெற்ற புதுக்கிறிஸ்தவருள் இத்தொழிலில் தேர்ந்தோர் சிலர் இருந்தனர் என்றும், அவர்களைத் தனித்தனியே பலமுறை வினவி, அவர்கள் கூறியதையே எழுதுவதாகவும் அவர் சொல்கிறார்.

இதை நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். மந்திரங்களையும் மறையுண்மைகளையும் கற்பித்த குரு, கற்றவர்களிடமே மாணவராய் அமர்கிறார். கடுக்காயை எப்படி இடிப்பது, பாலை எந்த அளவில் கலப்பது என்று அவர்களைக் கேட்கிறார். ஒருவர் சொன்னதை மற்றொருவரிடம் தனியே கேட்டுச் சரிபார்க்கிறார். கைத்தொழிலாளரின் சொல்லைச் சான்றாக ஏற்கும் மதிப்பும், அதை ஆராயும் கவனமும் இங்கு ஒருங்கே காணப்படுகின்றன. பின்னர் 1747-இல் எழுதிய மற்றொரு மடலில், புதுச்சேரிக்கு வந்திருந்த புவாவ்ர் என்னும் அறிஞரின் குறிப்புகளையும் சேர்த்து முந்தைய செய்தியை விரிவாக்கினார். ஒருமுறை எழுதியதே முடிந்த முடிவு என்று அவர் கருதவில்லை.

வேரிலிருந்து பிறக்கும் சிவப்பு

அம்மடல் விளக்கும் செய்முறையைச் சுருக்கமாகக் காண்போம். முதலில் வெளுத்த துணியைக் கடுக்காய்ப் பொடியும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து, பிழிந்து, உலர்த்துவர். பின் அதை மரக் கட்டைமேல் மடித்துவைத்துக் கொட்டாப்புளியால் அடித்து வழவழப்பாக்குவர். தாளில் வரைந்த சித்திரத்தின் கோடுகளை ஊசியால் துளையிட்டு, துணிமேல் வைத்துக் கரித்தூளைத் தட்டினால், உருவம் புள்ளி புள்ளியாய்த் துணியில் இறங்கும்.

அடுத்தது எழுதுதல். சீவிய மூங்கிற் குச்சியின் நுனிக்குச் சற்று மேலே ஒரு சிறு பந்து கட்டப்பட்டிருக்கும். அது சாயநீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். விரலால் அழுத்த அழுத்த நீர் நுனிக்கு இறங்கும். கருங்கோட்டிற்குரிய நீர், இரும்புக் கிட்டத்தைக் கஞ்சிநீரில் இட்டு நாட்பட வைத்து எடுப்பது. துணியில் ஏறியுள்ள கடுக்காயின் துவர்ப்போடு இரும்பு சேர்ந்தவுடன் அழியாக் கருமை பிறக்கிறது. சிவக்க வேண்டிய இடங்களில் படிகார நீரால் எழுதுவர். படிகார நீருக்கு நிறமில்லை. எனவே எழுதுவோர் கண்ணுக்குத் தெரியும்பொருட்டுப் பதங்கக் கட்டையின் சாற்றை அதில் சிறிது கலப்பர். அந்த நிறம் நிலையற்றது. உண்மைச் சிவப்பு வருவது, துணியைச் சாயவேரோடு நீரிலிட்டுக் காய்ச்சும்போதுதான். அப்போது படிகாரம் தொட்ட இடம் மட்டுமே சிவப்பை நிலையாகப் பற்றிக்கொள்ளும். எஞ்சிய இடங்களில் படிந்த செம்மையை, ஆட்டுப்புழுக்கை கரைத்த நீரில் ஊறவைத்தும் வெயிலில் விரித்து நீர் தெளித்தும் போக்குவர்.

நீலத்திற்கு வேறு முறை. நீலம் வேண்டாத இடமெல்லாம் உருகிய மெழுகால் மூடுவர். பின் துணியை அவுரிச் சாயக்காரரிடம் கொடுப்பர். அவர் தம் தாழியில் தகரை விதையை வேகவைத்து ஊற்றி அவுரியை நொதிக்கச் செய்திருப்பார். துணி தாழியில் மூழ்கி வெளியே வந்து காற்றுப் பட்டதும் நீலமாகும். வெந்நீரில் மெழுகு கழலும். நீலத்தின்மேல் மஞ்சள் எழுதினால் பச்சை.

சாயவேர் என்பது இம்பூறல் செடியின் மெல்லிய வேர். கடற்கரை மணலில் அது நன்கு வளரும். இராமேசுவரம், மன்னார்ப் பகுதிகளில் அதைத் தோண்டியெடுப்பதையே தொழிலாகக் கொண்டோர் இருந்தனர். இவ்வேரில் உள்ள அலிசரின் என்னும் பொருளே சிவப்பிற்குக் காரணம் என்பதை வேதியியல் பிற்காலத்தில் கண்டறிந்தது.

மடலில் அடங்காதது

இத்தனை தெளிவாக எழுதியும், கேர்தூ அடிகளாரின் மடலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எவரும் அத்துணியை முதல் முயற்சியிலேயே செய்துவிட முடியாது. அம்மடலிலேயே அதற்குரிய குறிப்பு உண்டு. சாயவேர் காய்ச்சும் நீர், நாவில் கரகரப்பாய் உணரப்படும் ஒருவகை நீராக இருத்தல் வேண்டும் என்று அவர் எழுதுகிறார். சுண்ணச் சத்துள்ள நீரில்தான் படிகாரமும் அலிசரினும் சேர்ந்து ஒளிமிக்க சிவப்பைத் தரும் என்பது இன்று நாம் அறிந்த விளக்கம். ஆனால் அன்றைய சாயக்காரருக்கு இவ்விளக்கம் தேவைப்படவில்லை. எந்தக் கிணற்று நீர் ஆகும், எது ஆகாது என்பதை அவருடைய நாக்கு அறிந்திருந்தது. நாக்கின் அறிவை எந்த மடலில் எழுதுவது?

பாலின் செய்தியும் அத்தகையதே. பாலில் உள்ள கொழுப்பு, எழுதும் சாயநீர் துணியில் பரவாமல் தடுக்கிறது. பால் குறைந்தால் கோடு கசியும். எவ்வளவு என்பதைத் துணியின் நயமும் அன்றைய வெயிலும் முடிவு செய்யும். துணியைத் தொட்டுப் பார்த்து அறிவது கை. மேலும் இத்தொழில் ஒருவர் கையில் இருக்கவும் இல்லை. நெய்பவர் ஒருவர், வெளுப்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர், அவுரியில் தோய்ப்பவர் மற்றொருவர். வேர் தோண்டுபவரும் மெழுகு தருபவரும் வேறு. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் எஞ்சியவர் அறிவும் செயலற்றுவிடும். போர் வந்தபோது நேர்ந்ததும் அதுவே. 1746 முதல் மாறி மாறி நடந்த போர்கள் சோழமண்டலக் கரையின் தொழிலூர்களை அலைக்கழித்தன.

ஆகவே ஒரு தொழிலறிவு நிலைபெறப் பொருள், சொல், கை என மூன்றும் வேண்டும் என்று நாம் கொள்ளலாம். பொருளையும் சொல்லையும் பெட்டியில் வைத்துப் பூட்டலாம். கையைப் பூட்டிவைக்க இயலாது. அது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு உயிரோடு இருக்கும்போதே சென்றாக வேண்டும்.

யாருக்குப் பயன்பட்டது?

இங்கே கசப்பான ஓர் உண்மையையும் நாம் மறைத்தலாகாது. கேர்தூ அடிகளார் அம்மடலை எழுதியது நம் மக்களின் பேரப்பிள்ளைகளுக்காக அன்று. தம் நாட்டுத் தொழிலுக்கு அது பயன்படும் என்னும் எண்ணத்தால் எழுதினார். சொல்லிக் கொடுத்த புதுக்கிறிஸ்தவர்களின் பெயர் ஒன்றையேனும் அவர் குறிக்கவில்லை. அவர்களுடைய அறிவு அச்சேறியது. அவர்களோ பெயரின்றி மறைந்தனர்.

பிரான்சு 1686 முதல் 1759 வரை இவ்வகைத் துணிகளைத் தடை செய்திருந்தது. தடை நீங்கிய மறு ஆண்டே, 1760-இல், ஓபர்காம்ஃப் என்பவர் பாரிசுக்கு அருகே ழூயி என்னும் ஊரில் துணி அச்சிடும் ஆலையைத் தொடங்கினார். அது பெரும்புகழ் பெற்றது. புதுச்சேரி இடிக்கப்பட்ட காலமும் ழூயி தழைக்கத் தொடங்கிய காலமும் ஏறத்தாழ ஒன்றே என்பது நெஞ்சை உறுத்துகிறது. எனினும், அந்த மடலே நம் தொழிலைப் பறித்தது என்று கூறுவது மிகையாகும். 17-ஆம் நூற்றாண்டிலேயே மார்செய் நகரில் அர்மீனியர் துணிச் சாயத் தொழிலைக் கற்பித்துவந்தனர். நம் தொழிலை வீழ்த்தியவை பல: போர்கள், கும்பினிகளின் பிடி, இங்கிலாந்தின் 1700, 1721-ஆம் ஆண்டுச் சட்டங்கள், 1783-இல் உரிமம் பெற்ற உருளை அச்சு, ஆலைத் துணியின் மலிவு. 1868-இல் செருமானிய வேதியியலார் அலிசரினைச் செயற்கையாக ஆக்கினர். 1897-இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. சாயவேர் தோண்டியவர் கையிலிருந்த கருவி பயனற்றதாயிற்று.

புதுவையோ 19-ஆம் நூற்றாண்டில் நீலத் துணியைச் செனகலுக்கு அனுப்பி வாழ்ந்தது. பின்னர் ஆலைகள் எழுந்தன. தலைமுறை தலைமுறையாக நம் குடும்பங்கள் பலவற்றிற்குச் சோறிட்ட அந்த ஆலைகளும் மறைந்தன. 1898-இல் தொடங்கிய ரோடியர் ஆலை 2020-இல் முற்றாக மூடப்பட்டது. எந்தத் தொழிலும் என்றும் நிலைக்கும் என்று எண்ணுவோர்க்கு அதன் பூட்டிய கதவுகள் விடை சொல்லும்.

திரும்பி வந்த மடல்

ஆயினும் கதை அங்கு முடியவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில், ஆமதாபாத்திலிருந்து வெளிவந்த இந்திய நெசவு வரலாற்று இதழில் பொலியூவின் ஏடு ஆராயப்பட்டு ஆங்கிலத்தில் வெளியாயிற்று. 1970-இல் வெளிவந்த எழுது துணிகள் பற்றிய பெருநூல் ஒன்று, பொலியூவின் விளக்கத்தையும் கேர்தூவின் மடலையும் பின்னிணைப்பாகச் சேர்த்தது. இன்று இயற்கைச் சாயத்தை மீட்க முயல்வோர் அவற்றைத் தேடிப் படிக்கின்றனர். கடல் கடந்து சென்ற அறிவு, இருநூறு ஆண்டுகளுக்குப் பின்பு, பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்திற்கும், ஆங்கிலத்திலிருந்து நம்மவர் கைக்கும் சுற்றி வந்திருக்கிறது.

அது வந்தபோது ஏந்திக்கொள்ளச் சில கைகளும் எஞ்சியிருந்தன. ஆந்திரத்தின் காளத்தியில் கோவில் திரைச்சீலை எழுதுவோர் விரல்விட்டு எண்ணத்தக்கவராய் இருந்த நிலையில், 1950-களின் இறுதியில் அங்குப் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. முதிய கலைஞர் இளையோர்க்குக் கற்பித்தனர். தமிழகத்தில் கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டை ஆகிய ஊர்களில் சில குடும்பங்கள் இக்கலையை விடாது காத்தன; கருப்பூர்க் கலம்காரி ஓவியம் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. சாயவேர் அரிதாகிவிட்டதால் அதற்கு மாற்றாக வேறு வேர்களும் பட்டைகளும் இவ்வகைத் தொழிலில் பயன்படுகின்றன. ஆயினும் கடுக்காயும் பாலும் மூங்கில் எழுதுகோலும் அவையே. ஏடு வழிகாட்டிற்று, கை அவ்வழியில் நடந்தது. கை முற்றிலும் அற்றுப்போயிருந்தால் ஏடு வெறும் ஆவணமாகவே இருந்திருக்கும்.

கையிலிருந்து கைக்கு ஒரு தொழில் அறுபடாமல் சென்றதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. 1827-இல் புதுச்சேரிக்கு வந்த குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் ஏழைப் பெண்களுக்குப் பூத்தையல் கற்பித்தனர். போர் வந்தது, கொடி மாறியது, சந்தை மாறியது. அவ்வேலைப்பாடு மட்டும் ஊசியோடு ஊசியாக ஒரு பெண்ணிடமிருந்து மற்றொரு பெண்ணுக்குச் சென்று நம் காலம்வரை வந்திருக்கிறது. அங்கே சேர்ந்திருந்தவை மூன்று: நாள்தோறும் வேலை, வேலைக்குக் கூலி, அருகில் அமர்ந்து கற்கும் இளையவள். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் தொடர்ச்சி இல்லை.

நம் கடமை

சில ஆண்டுகளுக்கு முன் நமக்குத் தெரிந்த ஒரு பழைய வீட்டின் சுவர் ஈரம் கோத்து உதிர்ந்தது. சிமெண்டுப் பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும், சுண்ணாம்புப் பூச்சே வேண்டும் என்று அறிந்தவர் கூறினர். பல இடங்களில் விசாரித்து முதிய கொத்தனார் ஒருவரை அழைத்துவந்தோம். அவர் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைச் சுண்ணாம்பில் சேர்த்துக் குழைத்தார். சாயக்காரரின் கடுக்காயேதான்! எத்தனை நாள் ஊறவேண்டும் என்று கேட்டு, எழுதிக்கொள்ளத் தாளும் எடுத்தோம். அவர் சிரித்தார். "நாளுக் கணக்கு இல்லீங்க ஐயா. மோந்து பாத்தாத் தெரியும்" என்றார். மழைக்காலத்தில் ஒரு கணக்கு, கோடையில் ஒரு கணக்கு என்றார். அவருடைய பிள்ளைகள் வேறு பிழைப்பிற்குப் போய்விட்டார்கள். அவரிடம் கற்பவர் எவரும் இல்லை.

நாம் அவர் சொன்னதை எழுதிக்கொண்டோம், கூலியும் கொடுத்தோம், அனுப்பிவிட்டோம். ஓர் இளைஞனை அவர் அருகில் நிற்கவைத்து, அந்த மணத்தை அவனும் அறியச் செய்திருக்கலாம் என்பது பிற்பாடுதான் நம் நினைவிற்கு வந்தது. அடுத்த முறை தேடிச் சென்றபோது அவர் படுக்கையில் இருந்தார். தாள் இன்னும் நம்மிடம் இருக்கிறது. அதில் கடுக்காய், வெல்லம், சுண்ணாம்பு என்று மூன்று சொற்கள் இருக்கின்றன, மணம் இல்லை. கேர்தூ அடிகளாரின் மடலைப் படிக்குந்தோறும் அந்தத் தாளே நம் கண்முன் நிற்கிறது.

1870-களில் எழுந்த நம் கடற்கரை மேரிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததைப் புதுவை மறந்திராது. அது மீண்டும் எழுப்பப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது. கட்டடத்தை மீண்டும் எழுப்பிவிடலாம். பழைய சுவரை ஆண்டுதோறும் பேணும் கொத்தனார் மறைந்தால், அவரை எந்தப் பணத்தால் எழுப்புவது?

விடுதலைப் பயண நூலில் பெட்சலேல் என்னும் கைவினைஞரைப் பற்றிப் படிக்கிறோம். ஆண்டவர் அவரைத் தம் ஆவியால் நிரப்பி, எல்லா வேலைப்பாட்டிற்கும் உரிய திறனை அளித்தார் என்று 31-ஆம் அதிகாரம் கூறுகிறது. 35-ஆம் அதிகாரம் ஒருபடி மேலே செல்கிறது. மற்றவர்க்குக் கற்பிக்கும் ஆற்றலையும் அவருக்கும் அவர் துணைவருக்கும் இறைவன் அருளினார் என்கிறது. நெய்வதும் சாயமிடுவதும் எவ்வாறு கொடையோ, அவ்வாறே கற்பிப்பதும் கொடை. கற்பிக்கப்படாத திறன் பாதிக் கொடையாகவே நின்றுவிடுகிறது.

பெருந்திட்டங்கள் நம் கையில் இல்லை. ஆயினும் ஒவ்வொரு பங்கிலும் செய்யத்தக்கது உண்டு. நம் பங்கில் உள்ள முதிய தச்சர், கொத்தனார், நெசவாளர், வலை பின்னுவோர், பூத்தையல் அறிந்த பாட்டிமார் யார் யார் என்று முதலில் அறிவோம். கேர்தூ அடிகளாரைப் போல் அவர்கள் அருகில் அமர்ந்து கேட்போம். அவர் செய்யத் தவறியதையும் செய்து, அவர்கள் பெயரை எழுதுவோம். பொலியூவைப் போல் சொல்லோடு பொருளின் துண்டையும் சேர்த்து வைப்போம். இவை இரண்டிற்கும் மேலாக, ஒவ்வொருவர் அருகிலும் ஓர் இளையவரை, உரிய கூலியோடு, ஒரு பருவமேனும் நிற்கவைப்போம். நம் கோவில் சுவருக்கோ வீட்டுச் சுவருக்கோ வேலை வரும்போது அதற்கான வாய்ப்பு நம் வாயிலுக்கே வருகிறது.

அப்பம் பலுகிய நாளில் எல்லாரும் உண்டு நிறைந்த பின், மீந்த துண்டுகள் வீணாகாதபடி சேர்த்துவைக்கச் சொன்னார் ஆண்டவர். துணித் துண்டோ, மடலோ, முதியவர் ஒருவரின் மூக்கறிந்த மணமோ, நம் முன்னோர் விட்டுச்சென்ற துண்டுகள் நம் ஊரில் இன்னும் சில மீந்துள்ளன. அந்தக் கொத்தனாரைப் போன்றோர் இன்னும் ஓரிருவரேனும் நம் தெருக்களில் இருப்பர். அடுத்த மழைக்கு முன் அவர்களைத் தேடிச் செல்வோம்.